விரிப்பில் ஊற்றிய தண்ணீர்

எனக்கு மூத்திரம் வருவது எனக்கே தெரியாது. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். அப்புறம் எழுதலாம் என்று தள்ளினால் கடைசி வரை எழுதமாட்டேன். நேரம் பார்த்து, அடிவயிற்றில் கைவைத்து அமுக்கிப் பார்த்து, நானே குழாய் போட்டு எடுத்துவிடுகிறேன். வெளியூர் போகிற நாளில் குழாயை உள்ளேயே வைத்துத் தொடையில் பை கட்டிக்கொள்கிறேன். பின்பக்கமும் அப்படித்தான். போய்விட்ட பிறகு வாசனை வந்துதான் தெரியும்.

முதுகுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் போனவள் நான். இப்படித் திரும்பி வந்தேன். அதற்காக வழக்கு போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயரையும் ஊரையும் எழுதப்போவதில்லை. வழக்கு நடக்கும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லியிருக்கிறார் வக்கீல் அம்மா. பெயர் முக்கியமும் இல்லை. இதைப் படிக்கிற யாராவது நாளைக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் வேறொரு கட்டிலில் படுத்திருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் என் வீட்டுக்காரர் ஏகாம்பரம், ஒன்றில் நான். குழித்தறி. காலைக் குழிக்குள் விட்டு மிதியை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். இருபது வயதுக்கு முன்பிருந்தே உட்கார்ந்தவள். முதுகு வலி எங்கள் தெருவில் இல்லாதவர்கள் யார்? ஆனால் எனக்கு வலி முதுகோடு நிற்கவில்லை. வலது இடுப்பில் பிடித்து, தொடை, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை மின்சாரம் மாதிரி இழுத்தது. கடைசியில் மிதியில் கால் வைத்தாலே கண்ணில் நீர் வந்தது.

ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். எம்.ஆர்.ஐ. என்றால் ஒரு குகைக்குள் படுக்க வைத்து உள்ளே தள்ளுவார்கள். வெளியே காத்திருந்தவர்கள் எல்லாரும் அந்தச் சத்தத்துக்குப் பயந்தார்கள். எனக்கு அது பின் தெருவில் இருக்கும் பவர்லூம் ஷெட் மாதிரிதான் கேட்டது. தூங்கிவிட்டேன். வந்து எழுப்பினார்கள்.

டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்கிறதாம். அந்த வட்டு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நசுக்குகிறதாம். பிதுங்கியதை வெட்டி எடுத்துவிட்டால் வலி போய்விடும், சின்ன ஆபரேஷன், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். பேச்சு நன்றாக இருந்தது. நம்பினேன். இப்போதும் அவர் பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன். நிறைய பேருக்கு அப்படியே நடந்திருக்கிறது. அந்த ஆஸ்பத்திரிக் கூடத்திலேயே ஒரு பெரியவர் ஆபரேஷன் முடிந்து கைவீசி நடந்து போனதைப் பார்த்தேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது காலில் வலி இல்லை. சந்தோஷத்தில் அழுதேன். மறுநாள் காலையில் மூத்திரக் குழாயை எடுத்துவிட்டார்கள். இனி நீங்களே போகவேண்டும், போனதும் சொல்லுங்கள் என்றாள் நர்ஸ். சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். போகவேண்டும் என்ற உணர்ச்சியே எனக்கு வரவில்லை. தண்ணீர் அதிகம் குடிக்கவில்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று டாக்டர் வந்தார். அவர் பின்னால் நாலைந்து பேர் வந்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே காலை அசைக்கச் சொன்னார். நான் என்ன செய்தேன்? தறியில் மிதியை மிதிப்பதுபோல இடுப்பிலிருந்து காலைத் தள்ளி அமுக்கிக் காட்டினேன். நெய்கிறவளிடம் காலை அசை என்றால் அதைத்தான் செய்வாள். கட்டிலே அசைந்தது. சூப்பர் என்றார். மிதிக்கிற கால் அது. பாதத்தை மேலே தூக்கச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும், பாதம் அப்போதே தொங்கிப்போயிருந்தது. தூக்கச் சொல்லவில்லை. தொட்டுப் பார்க்கவில்லை. அவர் சூப்பர் என்றதில் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அன்று மதியம் பார்வையாளர் நேரம். எங்கள் மகள் பிரியாவுக்கு ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. சம்மந்தி வீடு தேசூர். சம்மந்தியம்மா என்னைப் பார்க்க வருவதாகப் போன் வந்தது. கீழே வந்துவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் என் தலையைச் சீவிவிட்டார், போர்வையைச் சரிசெய்யத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

விரிப்பு நனைந்திருந்தது. நைட்டியும் நனைந்திருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. எப்போது போனது, எவ்வளவு நேரமாக நனைந்து கிடக்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. ஈரம்கூட உறைக்கவில்லை.

"சீ, மூடுங்க" என்றேன்.

மூடினார். மூடினால் போதவில்லை. மஞ்சள் வட்டம் போர்வைக்கு வெளியே கட்டில் ஓரம் வரை பரவியிருந்தது.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தறியில் இருக்கும் பட்டில் எச்சிலோ தண்ணீரோ ஒரு சொட்டு விழுந்தால் காய்ந்த பிறகு வட்டமாக விளிம்பு தெரியும். அதைத் தேய்த்தால் பட்டு கெட்டுவிடும். அதனால் சுற்றிலும் ஈரம் தொட்டு, விளிம்பைக் கரைத்து, பெரிதாக்கி, விசிறிக் காயவைப்போம். கறை அங்கேயேதான் இருக்கும். விளிம்பு மட்டும் போய்விடும். சேலையை எடுத்துக்கொள்ளும் முதலாளியின் கண் விளிம்பைத்தான் தேடும். விளிம்பு இல்லாவிட்டால் கறையும் இல்லை.

என் வீட்டுக்காரர் மேசை மேலிருந்த டம்ளரை எடுத்து அந்த வட்டத்தின் ஓரமாகவே ஊற்றினார். ஒரு டம்ளர் பத்தவில்லை. இன்னொன்றும் ஊற்றினார். எவ்வளவு நிதானமாக ஊற்றினார் தெரியுமா! ஒரு பக்கம் விடாமல் சுற்றி வந்தார். சம்மந்தியம்மா ஆப்பிள் பையோடு உள்ளே வந்தபோது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணி குடுக்கப் போயி கொட்டிட்டேன் சம்மந்தி" என்றார்.

நானும் சும்மா இருக்கவில்லை. "இவரு கையில தண்ணி நிக்காது. கல்யாணத்தன்னிக்கே பாயசத்த என் பட்டுப்பொடவையில கொட்னவரு" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம்.

நர்ஸ் வந்து விரிப்பை மாற்றினாள். என்னைப் புரட்டியபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தேன். தெரிந்துவிட்டது. ஆனால் சம்மந்தியம்மா எதிரில் ஒன்றும் சொல்லவில்லை. "தண்ணிதானே, பரவால்லம்மா" என்றாள். அவர்கள் போன பிறகு என் காதருகே குனிந்து, "ஒண்ணுக்குப் போயிடுச்சு இல்ல, நல்லதுதான். கவலப்படாதீங்க" என்றாள். அன்று அந்தக் கட்டிலைச் சுற்றி நின்ற எல்லாருமே என் மானத்தைக் காப்பாற்றினார்கள்.

அடுத்த நாள் டாக்டர் சீட்டைப் பார்த்தார். மூத்திரம் போயிருக்கிறது, கால் அசைகிறது. திருப்தியாகத் தலையாட்டினார். அப்போது நான் சொன்னேன். சொல்லவில்லை என்று இப்போது வாதாடுகிறார்கள். சொன்னேன். அந்த அறையில் இன்னும் இரண்டு கட்டில்களும் அதைச் சுற்றி ஆண்களும் இருந்தார்கள். சத்தமாகச் சொல்ல முடியவில்லை. "சார், குந்தற இடம் மரத்துப்போன மாதிரி இருக்கு" என்றேன். தறிப்பலகையில் நான் பதிகிற இடம் முழுக்க, முன்னும் பின்னும், வேறு யாருடையதோ போல் இருந்தது. "மரப்பு ஊசி போட்டோம்ல, போவப் போவ சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவே இல்லை. இதற்குத்தான் வழக்கு. வேறு எதற்கும் இல்லை.

அன்று சாயங்காலம் வயிறு பானை மாதிரி ஆகிவிட்டது. பிரியா தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிப்போய் டியூட்டி டாக்டரை இழுத்துவந்தாள். இழுத்துவந்தாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அவர் குழாய் போட்டதும் பை நிரம்பி, இன்னொரு பை மாட்ட வேண்டியிருந்தது. அவர் முகம் மாறியது. பிறகுதான் எல்லாரும் ஓட ஆரம்பித்தார்கள். ஜல்தி ஜல்தி என்று ஆம்புலன்சில் ஏற்றி வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மறுபடியும் ஸ்கேன். மறுபடியும் ஆபரேஷன்.

அங்கே இருந்த டாக்டர் அம்மா கட்டிலில் உட்கார்ந்து விளக்கினார். எனக்கு யாராவது உட்கார்ந்து விளக்கியது அதுதான் முதல் தடவை. தண்டுவடம் முடிகிற இடத்தில் நரம்புகள் குதிரை வால் முடி மாதிரி கொத்தாகத் தொங்குமாம். மூத்திரம், மலம், உட்காரும் இடத்தின் உணர்ச்சி, பாதம் எல்லாவற்றுக்கும் அந்தக் கொத்துதான். ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தம் கசிந்து கட்டிப்போய் அதை நசுக்கிவிட்டது. இப்படி ஆவது அபூர்வம், ஆனால் ஆகும். உடனே கண்டுபிடித்துத் திறந்து கட்டியை எடுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடலாம். நேரம் போகப் போக நரம்பு செத்துக்கொண்டே வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று பிரியா கேட்டாள்.

"உட்கார்ற இடம் மரத்துப்போகும். ஒண்ணுக்கு வர உணர்ச்சி இருக்காது. மூத்திரப்பை ரொம்பி, தானா வழியும். நெறஞ்ச கொடத்துல இன்னும் தண்ணி ஊத்துனா வழியற மாதிரி. ஒண்ணுக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சுக்குவாங்க. போவல. வழியுது. அவங்களுக்கே தெரியாம படுக்கை நனஞ்சிருந்தா அதுதான் பெரிய அடையாளம். அப்படி எதுவும் நடந்துச்சா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். பிறகு டீ வாங்கிவருகிறேன் என்று ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஃபிளாஸ்க் நிறைய டீ இருந்தது.

நடக்கவில்லை என்று தலையாட்டினேன். அப்போதும் வெட்கம் போகவில்லை. நரம்பு செத்தாலும் அது சாகாது போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாதம் தொங்காமல் இருக்க பிளாஸ்டிக் பட்டை, கையில் தடி. குழாய் போடுவதை ஒரு நர்ஸ் கண்ணாடி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இத்தனை வயதில் என் உடம்பை நான் அப்போதுதான் பார்த்தேன். பிரியா என் உள்பாவாடைகளில் பை வைக்க உறை தைத்துக் கொடுத்தாள். என் தறியில் மிச்சமிருந்த பாவு நூலை என் வீட்டுக்காரர் நெய்து முடித்தார். நான் தறி இருக்கும் அறைக்குள் போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. குளிக்காமல் தறியைத் தொடாத வீடு எங்களுடையது. நானாகவே வாசற்படியோடு நின்றுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் விடியலில் எழுந்ததும் முதல் வேலையாக ஊதுபத்தி ஏற்றினார். யாராவது கதவைத் தட்டினால் இன்னொன்று. வீடு கோயில் மாதிரி மணந்தது. ஒருநாள் அந்த ஊதுபத்திக் கட்டை எடுத்துச் சாக்கடையில் போட்டேன். "இன்னும் எத்தினி நாளிக்கு ஊத்திகினே இருப்பீங்க?" என்று கத்தினேன். பத்தியை ஊற்றமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். நான் எதைச் சொல்கிறேன் என்றும் தெரியும். வெளியே போய்விட்டார்.

வழக்கு போடலாம் என்று சொன்னது பிரியா. தெருவில் ஆளாளுக்குப் பேசினார்கள். டாக்டரைக் கோர்ட்டுக்கு இழுத்தால் நாளைக்கு எந்த டாக்டர் நம்மைத் தொடுவார் என்று பக்கத்து வீட்டுக்காரர் என் காதுபடவே கேட்டார். அந்த டாக்டர் தொடாததால்தானே இப்படிக் கிடக்கிறேன் என்று சொன்னேன். 

ஆரணியிலேயே இருக்கும் ஒரு வக்கீல் அம்மாவைப் பிடித்தோம். கெட்டிக்காரர். ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிய நகல்களைப் பார்த்ததும் விரலை ஒரு வரியில் வைத்தார். குழாய் எடுத்த அன்று மதியம், மூத்திரம் போனார் என்று நர்ஸ் எழுதியிருந்தாள்.

"இதத்தான் அவங்க புடிச்சிப்பாங்க. அன்னிக்குப் போனீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். போகவில்லை, நான்தான் விரிப்பில் தண்ணீரைக் கொட்டிவிட்டேன், அதைப் பார்த்து அந்தப் பெண் தப்பாக எழுதியிருக்கும் என்றார். வக்கீல் அம்மா முகம் மலர்ந்தது. நர்ஸ் பரிசோதிக்காமலே எழுதியது, டாக்டர் அதை நம்பியது, இரண்டுமே கவனக்குறைவு என்றார். அப்படியே பிரமாணப் பத்திரம் தயாரித்தார். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். எனக்கும் படித்துக் காட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று எனக்கும் இருந்தது.

வழக்கை எடுத்துக்கொண்ட நுகர்வோர் ஆணையம் சொல்லி, அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர்கள் குழு என்னைச் சோதித்தது. குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போன இடத்தில் ஊசிமுனையால் குத்திக் குத்தி, தெரிகிறதா என்று கேட்டார்கள். இல்லை. இங்கே? இல்லை. இங்கே? இல்லை. மருத்துவ மாணவர்களும் நின்றிருந்தார்கள். ஒரு பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நல்ல பையன். ஆனால் அவன் திரும்பிக்கொண்டதுதான் குத்தியது. ஊசி குத்தவில்லை.

திருவண்ணாமலையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வாய்தா வாய்தாவாகப் போனோம். ஒருவழியாக சாட்சி விசாரணைக்கு வந்தது. ஆஸ்பத்திரித் தரப்பில் அந்த நர்ஸைக் கூட்டிவந்திருந்தார்கள்.  இப்போது அங்கே வேலையில் இல்லையாம். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றிருந்தாள். என்னைப் பார்த்து, பழக்கதோஷம் போல, நல்லா இருக்கீங்களா என்பதாகத் தலையசைத்தாள்.

எங்கள் வக்கீல் அம்மா அவளைக் கேட்க ஆரம்பித்தார். கட்டிலில் கொட்டியது தண்ணீர், அதைச் சரிபார்க்காமல் எழுதிவிட்டீர்கள் என்றார்.

"இல்ல மேடம். அது ஒண்ணுக்குதான். விரிப்ப மாத்துனவ நானு. எனக்குத் தெரியும்."

"கொட்டினவரே தண்ணின்னு பிரமாணம் குடுத்திருக்காரு. நீங்க எழுதுனதக் காப்பாத்திக்க இப்ப பொய் சொல்றீங்க. அப்படித்தானே?"

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்தது. வாய் கோணியது. அழுதுவிடுவாளோ என்று நினைத்தேன். அழவில்லை. கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

"அந்தம்மாவக் கேளுங்க."

கூடத்தில் இருந்த எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். வேறு வழக்குக்கு வந்தவர்கள் இருந்தார்கள். ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று வந்த ஒருவர், சிட்பண்டு கேஸுக்கு வந்த இரண்டு பேர். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "கம்னு இரு" என்றார், உதடு அசையாமல்.

அந்தப் பெண் என் காதருகே குனிந்து, கவலைப்படாதீர்கள் என்று சொன்னவள். அவளைப் பொய்க்காரி ஆக்கித்தான் நான் ஜெயிக்க வேண்டுமா? எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. தடியை ஊன்றி எழுந்தேன். வக்கீல் அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"ஐயா, அந்தப் பொண்ணு சொல்றதுதான் நெசம்" என்றேன்.

ஆணையத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். உங்கள் வீட்டுக்காரர் தண்ணீர் என்று பிரமாணம் கொடுத்திருக்கிறாரே என்று கேட்டார்.

"தண்ணியும் ஊத்துனாரு. அதுக்கு மின்னாடியே நனஞ்சிருந்துச்சு."

ஆஸ்பத்திரி வக்கீல் உடனே எழுந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அப்படியானால் சிறுநீர் கழித்தீர்கள், ஆஸ்பத்திரிப் பதிவு சரி என்று ஒத்துக்கொள்கிறீர்கள் என்றார்.

"அது எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது சார். வந்ததும் தெரியல, நனஞ்சதும் தெரியல. இதோ உங்க எதிர்ல நின்னுகினு இருக்கேனே, இப்பகூட வந்துகினு இருக்கும். எனக்குத் தெரியாது."

  தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறுப்பினர் அம்மா மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கே இத யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

"இல்லம்மா."

"ஏன்?"

"வெக்கமா இருந்துச்சு."

அவர் அதை எழுதிக்கொண்டார். எழுதுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பிறகு தலைவர் என் வீட்டுக்காரரை எழுந்திருக்கச் சொன்னார். சத்தியம் செய்து கொடுத்த பத்திரத்தில் முழு உண்மையைச் சொல்லாதது குற்றம், தெரியுமா என்று கேட்டார். இவர் தெரியும் என்றார். சரி, அன்று ஏன் ஊற்றினீர்கள் என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.  நல்ல பதிலாக ஏதாவது சொல்லுவார் என்று நானும் பார்த்தேன்.

"சம்மந்தியம்மா படி ஏறி வந்துகினு இருந்தாங்கய்யா" என்றார்.

அவ்வளவுதான்.  சிட்பண்டு கேஸ்காரர் ஒருவர் சிரித்தார். தலைவர் அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். எங்கள் தொழில், பட்டுக்கறை, விளிம்பு எல்லாவற்றையும் நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அங்கே எப்படிச் சொல்வது?

வெளியே வந்ததும் வக்கீல் அம்மா பொரிந்து தள்ளினார். நிலைநிறுத்தி வைத்த கேஸை நீங்களே உடைத்துவிட்டீர்கள், முன்கூட்டியே என்னிடம் சொல்லியிருந்தால் வேறு மாதிரி கொண்டுபோயிருப்பேன் என்றார். அவர் சொல்வது நியாயம். அவருக்கு நாங்கள் செய்தது துரோகம்தான். கொஞ்சம் ஆறிய பிறகு, தெரியாமல் வழிந்ததே பெரிய அடையாளம் என்று டாக்டர்கள் குழுவின் அறிக்கையில் இருக்கிறது, அதை வைத்து வாதாடிப் பார்க்கலாம், ஆனால் சொல்லாமல் மறைத்தது நீங்கள்தானே என்று அவர்கள் திருப்புவார்கள் என்றார். பிரமாணத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டும். அதற்கு இவர்மேல் நடவடிக்கை வருமா என்பது தலைவர் மனதைப் பொறுத்தது. பெரிய பேஜார்தான். தீர்ப்பு இன்னும் வரவில்லை. தோற்றாலும் தோற்கலாம்.

அந்த டாக்டர் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். நூறு பேர் பொய் சொன்னாலும் தொட்டுப் பார்ப்பது அவர் வேலை. ஊசியால் ஒரு குத்து குத்தியிருந்தால் போதும். இதில் நான் மாறப்போவதில்லை. ஆனால் அந்தக் கட்டிலை நினைக்கும்போது டாக்டர் முகம் எனக்கு முதலில் வருவதில்லை. டம்ளரைச் சாய்த்து, ஒரு பக்கம் விடாமல், சுற்றி ஊற்றிய கைதான் வருகிறது. அந்தக் கையை வெறுக்க முடிந்தால் சுலபமாக இருக்கும்.

ஆரணிக்குப் பஸ் ஏறினோம். இவர் எனக்கு ஜன்னலோர சீட் பிடித்துக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். எனக்கு அடுத்து கூடை வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்தார்.   போளூர் தாண்டியபோது அந்த அம்மாள் தன் புடவையைத் தொட்டுப் பார்த்தார். சீட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா, பாட்டிலு கவுந்துகிச்சா? சீட்டெல்லாம் தண்ணி."

தொடையில் கட்டியிருந்த பையின் குழாய் கழன்றிருக்க வேண்டும். குனிந்து பார்த்தேன். என் புடவை கருத்திருந்தது. நிமிர்ந்தபோது இவர் கை ஏற்கெனவே துணிப்பைக்குள் போய்விட்டது. தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தண்ணி இல்லக்கா. மூத்திரம். எனக்கு ஆபரேசன்ல நரம்பு போயிடுச்சி, தெரியாமயே போயிடும். ஒங்க பொடவையிலயும் பட்டிருக்கும். கொஞ்சம் எழுந்திருங்க, தொடச்சிடறேன்."

சத்தமாகத்தான் சொன்னேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு சட்டென்று எழுந்து நின்றார். முகத்தைச் சுளித்தார். சுளித்ததை நான் பார்த்தேன். என் முகம் எரிந்தது. செத்துவிடலாம் போல இருந்தது. சாகவில்லை.

இவர் திறந்த பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். பஸ் குலுங்கியதில் கொஞ்சம் அவர் கைமேல் சிந்தியது. பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்தார். அதில் தண்ணீரை ஊற்றிப் பிழிந்தார். எல்லாரும் பார்க்க, நடைவழியில் மண்டியிட்டு, சீட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.